இரண்டரை லிட்டர் நீர்த்திட்டம்

அரைகுறையாகச் செய்த வேலையால் கவிழ்ந்த அரசுகள் உண்டு, இடிந்த பாலங்கள் உண்டு, முறிந்த கல்யாணங்களும் உண்டு. முழுமையாகச் செய்த வேலையால் ஒருவருக்காவது கெடுதல் வந்ததாக வரலாற்றில் ஒரு வரி கிடையாது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தேடுவதையும் முழுமையாகவே செய்தேன்.

இப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. பெயின்ட் தொழிற்சாலை ஒன்றின் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். டப்பாவின் மூடி சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. உள்ளே இருக்கும் பெயின்ட் வேறு பிரிவு. என் கையெழுத்து இல்லாமல் ஒரு டப்பாவும் தொழிற்சாலை வாசலைத் தாண்டியதில்லை. கையெழுத்துக்குக் காத்திருந்தே உள்ளுக்குள் கட்டிதட்டிப்போன டப்பாக்கள் சில உண்டு என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். அவற்றின் மூடிகளைப் பற்றி அவர்களாலும் குறை சொல்ல முடியவில்லை.

அத்தகைய ஒருவன், காரின் முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் அமைப்பை, மெக்கானிக் எவருடைய கையும் படாமல், வீட்டு வாசலிலேயே எப்படிப் பழுது நீக்கினான் என்பதை எழுதி வைப்பது எதிர்காலத் தலைமுறைக்குச் செய்யும் சேவை. எதிர்காலத் தலைமுறை கேட்கவில்லை. பரவாயில்லை.

முதலில் பின்னணி.

கார் என் மனைவியுடையது. ஓட்டுவதும் அவள்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவள் பிரேக்கை மிதித்த பிறகு "பிரேக்!" என்று அறிவிப்பது என் துறை. எனக்கும் ஓட்டுநர் உரிமம் உண்டு. கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, மடிப்புக் கலையாமல் பாதுகாத்து வருகிறேன்.

அவள் பாசனத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்ததும் கொடுத்த முதல் வேலை, ஓர் அணையின் பழைய வரைபடத்தைப் புதிதாக வரைவது. பதினேழு மதகுகள். பதினேழையும் மையால் தனித்தனியாக வரைந்திருக்கிறாள். "ஒண்ணை வரைஞ்சுட்டு மத்ததை அதே மாதிரின்னு எழுதிட்டா போதும்னு மேலதிகாரி சொன்னாரு. நான் ஒத்துக்கல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தேஞ்சிருக்குமில்ல?" என்பாள். அணை எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். பதினேழும் ஒன்றாகத் திறந்து அவள் பார்த்ததில்லை. தண்ணீர் வந்த வருடங்களில் எனக்குத் தணிக்கை இருந்தது. தணிக்கை இல்லாத வருடங்களில் தண்ணீர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் "கண்டிப்பா போலாம்" என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட முடியாது என்று சொன்னதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நான் சொல்லவரும் வருடத்தில் தண்ணீர் வந்தது. அவளுக்கு உடம்பு சரியில்லாமலும் வந்தது.

முதல் கட்ட சிகிச்சை முடிந்து இரண்டாவதற்கு ஐந்து வாரம் இடைவெளி. மருந்தின் வேகத்தில் தலை சுற்றுகிறது, கார் ஓட்டக்கூடாது என்று உத்தரவு. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, "எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க சார்" என்றார். நல்ல மனிதர். சுற்றுலாவில் ஆர்வம் உள்ளவர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை அவள் செய்தித்தாளை என் தட்டுக்கு மேலே விரித்தாள்.

"பதினேழும் திறந்துட்டாங்களாம்."

"அப்படியா?"

"இருபத்திரண்டாயிரம் கன அடி. ஞாயித்துக்கிழமை போலாமா? நீங்க ஓட்டுங்க. பக்கத்துல உக்காந்து பிரேக்னு நான் சொல்றேன்."

"கண்டிப்பா போலாம்," என்றேன். "வண்டி கண்டிஷன் மட்டும் ஒரு தடவை பாத்துடறேன்."

பார்த்தேன். விளக்குகள் எரிந்தன. ஹாரன் அடித்தது. டயர்கள் வட்டமாக இருந்தன. கடைசியாக ஸ்டியரிங் பக்கத்து வைப்பர் கம்பியை என் பக்கம் இழுத்தேன். உள்ளே மோட்டார் முனகியது. வைப்பர்கள் இரண்டும் எழுந்து ஆடின. தண்ணீர் வரவில்லை. மூன்று மாதத் தூசியைக் கண்ணாடி முழுக்கச் சமமாகப் பூசிவிட்டுப் படுத்துக்கொண்டன.

மறைக்காமல் சொல்கிறேன்: அந்தக் கணத்தில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஒரு குறை கிடைத்துவிட்டது.

"தண்ணி வரல," என்று அறிவித்தேன்.

"ஈரத் துணியால துடைச்சுட்டு கிளம்பலாம்."

"வழியில லாரி சேறு அடிச்சா?"

"நிறுத்தித் துடைச்சுக்கலாம். ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்துக்கலாம்."

வாழ்நாளெல்லாம் அணைகள் வரைந்த ஒருத்தியின் வாயிலிருந்து பாட்டில்! எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பாதுகாப்பு, தொலைநோக்கு, பொறுப்புணர்வு ஆகியவை பற்றி அவளுக்குச் சுருக்கமாக எடுத்துச் சொன்னேன். சுருக்கம் முக்கால் மணி நேரம் ஓடியது.

"சரி, மெக்கானிக்கிட்ட விடுங்க. தெரு முனையிலதானே இருக்கான்."

"மெக்கானிக்கா? வீட்டுலயே செய்யறதை வெளியில குடுக்கறதா? இப்பல்லாம் உலகமே வீட்டுலயே செய்யுது."

உலகம் என்று நான் குறிப்பிட்டது எதிர்வீட்டுக்காரரை. எங்கள் தெருவில் அவருக்கு 'வீடியோ' என்று பெயர். எதையும் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்பவர். குளிர்பதனப் பெட்டியைத் திறந்திருக்கிறார். தன் முடியைத் தானே வெட்டியிருக்கிறார். அன்று முதல் தொப்பி போடுகிறார். அவரைத் 'தொழில்நுட்ப ஆலோசகர்' ஆகவும், என்னைத் தலைவராகவும், என் மனைவியை உறுப்பினராகவும் கொண்ட குழு அன்றே அமைக்கப்பட்டது. உறுப்பினர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம், கால்மேல் போர்வை போர்த்திக்கொள்ளலாம் என்று விதி தளர்த்தப்பட்டது.

ஆக, முதல் ஞாயிறு ஆய்வுக்குப் போயிற்று.

பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் முற்பகல் முழுவதும் செலவானது. ஆலோசகர் நான்கு வீடியோக்கள் பார்த்தார். நான்கும் வேறு வேறு கார்கள். கடைசியில் உறுப்பினர் எழுந்து வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ இழுத்தாள். 'டொக்' என்றது.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"பத்து வருஷமா என் வண்டி."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. அவரைத்தான் கேட்டீங்க."

பானெட் திறந்ததும் நானும் ஆலோசகரும் இடுப்பில் கை வைத்து உள்ளே பார்த்தோம். எஞ்சின் இருந்தது. அதற்குமேல் எங்களால் எதையும் உறுதியாகக் கூற இயலவில்லை. எந்த வேலைக்கும் வரைபடம் வேண்டும் என்று தீர்மானித்து, அதை உறுப்பினரிடம் ஒப்படைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே போய், பணி ஓய்வின்போது துறையில் கொடுத்த வரைபலகையையும் டிரேசிங் தாளையும் எடுத்துவந்தாள். பானெட்டுக்குள் குனிந்து ஒரு ஓரம் விடாமல் பார்த்தாள். டியூபை விரலால் தொட்டுத் தொட்டு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தாள். மருந்தினால் அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கோடு நடுங்கவில்லை. எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இருபது நிமிடத்தில் முடிந்தது. அளவுகோல்படி, தலைப்புடன். தண்ணீர்த் தொட்டிக்கு 'நீர்த்தேக்கம், கொள்ளளவு 2.5 லிட்டர்' என்று எழுதியிருந்தாள். அதன் அடியில் மோட்டார். அங்கிருந்து டியூப் வளைந்து வளைந்து பானெட்டின் கீல் ஓரமாக ஏறி இரண்டாகப் பிரிகிறது. முடிவில் தண்ணீர் பீய்ச்சும் இரண்டு நாசில்கள்: 'மதகு 1', 'மதகு 2'. கீல் அருகே சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி.

"வடக்கு காட்டிட்டியா?" என்று அம்பைத் தட்டிக் கேட்டேன். "அதான் அனுபவம்ங்கறது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆலோசகரைப் பார்த்தாள். மறுபடி என்னை.

"ஆமா," என்றாள். "வடக்குதான்."

வரைபடம் கோப்பில் 'இணைப்பு 1' ஆகச் சேர்க்கப்பட்டது. கோப்புக்கு அட்டை போட்டேன். அட்டைமேல் பெயர் எழுதினேன். பொழுது சாய்ந்துவிட்டது.

இரண்டாம் ஞாயிற்றுக்கு நாசில் சுத்திகரிப்பு என்று பெயர். நாசில் துளைகள் அடைத்திருக்கும் என்பது ஆலோசகரின் துணிபு. குண்டூசியால் குத்தினோம். குத்தியது போதுமா என்று பார்க்க அவருக்கு ஒரு யோசனை தோன்றியது: காரின் டியூபைக் கழற்றிவிட்டு, தோட்டத்துக் குழாயை நாசிலோடு நேராக இணைப்பது. இணைத்தோம். திறந்தோம்.

இரண்டு தாரைகள் கண்ணாடியைத் திரும்பியும் பார்க்காமல் காரின் கூரையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மாடியில் விழுந்தன. அங்கே ஆலோசகரின் மனைவி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

"மழையா வருது?" என்று மேலேயிருந்து ஒரு குரல். பிறகு, "இல்ல, நம்ம ஆளுதான்!" என்று இன்னொன்று, அதே தொண்டையிலிருந்து.

உறுப்பினர் போர்வையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிகிச்சை ஆரம்பித்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆகவே அந்தச் சோதனையை வெற்றி என்றே பதிவு செய்தேன். "தெளிப்புத் தூரம்: எதிர்பார்த்ததைவிட ஒன்பது மீட்டர் அதிகம்." நாசில்களின் கோணம் ஊசியால் திருத்தப்பட்டது. டியூப் பழையபடி மாட்டப்பட்டது. கம்பியை இழுத்தால் மோட்டார் முனகியது. தண்ணீர் வரவில்லை.

"பேப்பர் பாத்தீங்களா? பதினெட்டாயிரம்தான் போகுதாம் இப்ப," என்றாள் அவள், திங்கட்கிழமை.

"நாசில் சுத்தமா இருக்கு," என்று நானும் என் பங்குக்கு ஒரு நல்ல செய்தி சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு தொட்டி அகற்றம். தொட்டி எங்கே என்று சொல்ல இப்போது வரைபடம் இருந்தது. அதற்கு நான் வரைவாளரைப் பகிரங்கமாகப் பாராட்டினேன். சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப் பதினோரு திருகுகள். கழற்றும்போது பதினொன்று. மாட்டியபோது ஒன்பது. இரண்டு மீதம். குறைவான பொருளில் அதே வேலையை முடிப்பதற்கு ஆலைகளில் விருது கொடுப்பார்கள்.

தொட்டிக்குள் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. "ஷாம்பு ஊத்திக் குலுக்கணும்," என்று ஆலோசகர் போனிலிருந்து படித்தார்.

"என்னோடது அப்படியே இருக்கு, எடுத்துக்கோங்க," என்றாள் அவள், தலையில் கட்டியிருந்த துணியைத் தொட்டுக்கொண்டு. "எனக்கு எதுக்கு இப்ப? காருக்காவது முடி வளரட்டும்."

ஆலோசகர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தார். நான் குளியலறைக்குப் போய் பாட்டிலை எடுத்தேன். முக்கால் பாட்டில் இருந்தது. அலமாரியில் அவள் சீப்பும் இருந்தது. அங்கே சிறிது நேரம் நின்றேன் என்பதைத் தவிர அறிக்கையில் சேர்க்க எதுவும் இல்லை.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று வீடியோவில் சொல்லவில்லை. ஆகவே முழுவதும். தொட்டியைக் குலுக்கி, அலசாமல், தண்ணீர் நிரப்பி மாட்டினோம். "அலசினா ஷாம்பு வீணாயிடுமே," என்றது குழு. எஞ்சினை ஓடவிட்டு, கம்பியை விடாமல் இழுத்துப் பிடித்தேன். மோட்டார் ஓடியது. போக வழியில்லாத தண்ணீர் உள்ளேயே கலங்கியது. முதலில் தொட்டியின் வாயில் ஒரு வெள்ளைக் குமிழ். பிறகு ஒரு தலையணை. பத்து நிமிடத்தில் எஞ்சின் நுரையில் படுத்திருந்தது. நுரை பம்பர் வழியாக இறங்கித் தெருவில் நடந்தது. மணம் மட்டும் நன்றாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மைத்துனன் வந்தான். அவளுக்குத் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நுரையில் கால் படாமல் தாண்டி வந்து அக்காவின் பக்கத்தில் நின்றான்.

"என்னக்கா நடக்குது இங்க?"

"உங்க அத்தான் என்னை அணைக்குக் கூட்டிட்டுப் போறாரு."

"எப்போ?"

"இப்பதான். போயிட்டு இருக்கோம்."

அவன் என்னிடம் திரும்பினான். "அத்தான், ஞாயித்துக்கிழமை வேன் சும்மாதான் நிக்குது. நான் அக்காவைக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் ஏறுங்க. வேன்ல எல்லா சீட்டும் காலி."

"சொந்தமா கார் வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் வண்டியிலயா?" என்றேன்.

"நான் இன்னொருத்தனா?"

"நீ வேண்டாம்டா," என்று அவள்தான் குறுக்கிட்டாள். "கூட்டிட்டுப் போறேன்னு இவரு சொல்லியிருக்காரு. முப்பத்திநாலு வருஷமா சொல்லிட்டிருக்காரு. நடுவுல நீ புகுந்து கெடுக்காத."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். வேனின் கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினான்.

அந்தத் திங்கட்கிழமை பதினோராயிரம் கன அடி. புதன்கிழமை ஆறாயிரம். "இன்னும் பதினேழும் திறந்துதான் இருக்கு. ஆனா ஒல்லியா போகும்," என்றாள். மேலும், "எனக்கு ஒல்லியா பாத்தாலும் போதும்," என்றாள்.

நான்காம் ஞாயிறு காலை பத்தேகால் மணிக்கு மைத்துனன் மறுபடி வந்தான். அன்றைய நிகழ்ச்சி மோட்டாரைக் கழற்றுவது. ஆலோசகரும் நானும் மோட்டார் வீடியோவின் மூன்றாவது நிமிடத்தில் இருந்தோம். அவன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அத்தான், இந்த டியூப் ஏன் இப்படி மடங்கிக் கிடக்கு?"

"எது?"

"இதோ, கீல் ஓரமா. கிளிப்புக்கு அடியில மாட்டி நசுங்கியிருக்கே. பேட்டரி மாத்தினப்ப எவனோ இழுத்து விட்டிருக்கான்." இரண்டு விரலால் எடுத்துவிட்டான். கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு வைப்பர் கம்பியை இழுத்தான்.

இரண்டு தாரைகள் எழுந்தன. ஒன்றுபோல வளைந்தன. கண்ணாடியின் நடுவில், நாங்கள் ஊசியால் திருத்திய அதே கோணத்தில், விழுந்தன. லேசாக ஷாம்பு மணத்தது. வைப்பர்கள் வந்து துடைத்தன. கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மொத்த வேலை எட்டு விநாடி. நான் கோப்பைத் திறந்தேன். இணைப்பு 1. சிவப்பு அம்பு கீல் ஓரத்தில், அந்தக் கிளிப்பின்மேல், சரியாகக் குத்தி நின்றது. வடக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வாசல் தெற்குப் பார்த்தது.

"உனக்கு முதல் நாளே தெரியுமா?"

"காட்டினேனே. செவப்பு மையில."

"வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

"சொன்னா வேற எதையாவது கழட்டியிருப்பீங்க."

ஆலோசகர் தன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மைத்துனன் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய அந்தக் குற்றச்சாட்டில் திருத்த எனக்கு எதுவும் இல்லை. அவளுக்கு மூடி தெரிந்திருந்தது, உள்ளே இருப்பதும் தெரிந்திருந்தது. 'இப்பவே போயிட்டு வந்துடுங்க' என்று மருத்துவர் சொன்னதில் எனக்குக் கேட்டது ஒரே ஒரு சொல்: 'இப்பவே'. போய் வந்துவிட்டால் அது முடிந்துபோகும். அடுத்து என்ன என்று கேட்டால் பதில் இருக்காது. போக வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருக்கிறவரை, அவள் இருந்துதான் ஆக வேண்டும். நிலுவையில் உள்ள கோப்பை எந்த அலுவலகத்திலும் மூட மாட்டார்கள். முப்பத்தோரு ஆண்டுகளில் நான் கற்ற ஒரே விதி அது. அதை எல்லோரும் கடைப்பிடிப்பார்கள் என்று நம்பினேன்.

அவள் போர்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். அப்போதுதான் கவனித்தேன். வெளியே போகும் புடவை. காலில் ஷூ. தோளில் கைப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்க். எத்தனை ஞாயிறுகள் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. போர்வை மறைத்திருந்தது.

"மணி பத்தரைதான்," என்றாள். "இப்ப கிளம்பினா பன்னெண்டுக்கு அங்க. சாயந்தரம் திரும்பிடலாம்."

"நான் பின்னாலேயே வேன்ல வர்றேன் அத்தான். பயப்படாதீங்க," என்றான் மைத்துனன்.

"நானும் வேணா வரேன்," என்றார் ஆலோசகர். "வீடியோ எதுவும் போட மாட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரின் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அதில் நான் தெரிந்தேன், கையில் கோப்புடன்.

"பழுது நீக்கின எந்தக் கருவியையும் உடனே ஓட்டத்துக்கு விடக்கூடாது," என்று ஒரு குரல் சொன்னது. என்னுடையதுதான். "இருபத்து நாலு மணி நேரம் கண்காணிப்புல வெக்கணும். கசிவு இருக்கான்னு பாக்கணும்."

"தண்ணிதானே அத்தான்! கசிஞ்சா என்ன?"

"விதி."

அவள் காரை ஒருமுறை சுற்றி வந்தாள். கம்பியை அவளே இழுத்துப் பார்த்தாள். தாரைகள் எழுந்து வளைந்து விழுவதைத் தலை சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை பார்த்தாள்.

"பதினேழு மதகு கேட்டேன்," என்றாள். "ரெண்டு ஓட்டை காட்டறீங்க."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஒன்று. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மற்றொன்று. நேரமாயிற்று. குனிந்து உதவியிருக்கலாம். கோப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கண்காணிப்பு நல்லபடியாக முடிந்தது. கசிவு இல்லை. திங்கட்கிழமை மாலை வைப்பர் கண்ணாடியில் ஒரு மெல்லிய கோடு விடுவதைக் கண்டுபிடித்தேன். புது ரப்பருக்குச் சொல்லி அனுப்பினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள். வியாழக்கிழமைச் செய்தித்தாளில், நீர்வரத்துக் குறைந்ததால் முதல்நாள் மாலையே பதினேழு மதகுகளும் மூடப்பட்டதாகப் போட்டிருந்தது. உள்பக்கத்தில் நான்கே வரி. அவள் படித்து முடித்துத் தாளை நாலாக மடித்தாள்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லும் குரல் அது.

"அடுத்த வருஷம் ரப்பரும் புதுசா இருக்கும்," என்றேன்.

இரண்டாம் கட்ட சிகிச்சைக்கு அவளை மைத்துனன் வேனில் அழைத்துப்போனான். நானும் ஏறிக்கொண்டேன். பெரிய சாலையில் என்னை ஓட்டவிட அவனுக்குத் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. எல்லா சீட்டும் காலியாக இருந்தன. அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வேனின் கண்ணாடி முழுக்கத் தூசி. பள்ளிப் பிள்ளைகள் விரலால் பூனை வரைந்திருந்தார்கள். அது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. பூனைக்கு அவளும் ஒரு மீசை சேர்த்தாள்.

மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தாள். பத்தாம் நாள் இல்லை.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். அவள் துறையிலிருந்து பழைய வரைவாளர்கள், என் தொழிற்சாலையிலிருந்து மூடிப் பிரிவு, பெயின்ட் பிரிவு, இரண்டும். கூடத்தில் இடமில்லாமல் வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அங்கே கார் நின்றது. ரப்பர் வந்துவிட்டிருந்தது, மாட்டியும் இருந்தேன். அத்தனை நாற்காலிகளும் அந்தக் கண்ணாடியில் கால் முதல் கைப்பிடி வரை தெரிந்தன. வந்தவர்கள் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

எதிர்வீட்டுக்காரர் அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முடி இன்னும் சரியாக வளரவில்லை. கண் கலங்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, மனசாரச் சொன்னார்:

"இவரை மாதிரி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பாரு? நாலு ஞாயித்துக்கிழமை, நான் கூடவே இருந்து பாத்தவன். அவ்வளவு அக்கறை. கண்ணாடியில ஒரு பொட்டு தூசி இருந்தாக்கூட அவங்களை அந்த வண்டியில ஏத்த மாட்டாரு."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஓர் அம்மா தன் கணவனைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மைத்துனன் தம்ளருடன் நின்று என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். அடக்கத்துக்காக நாலு வார்த்தை மறுப்பதுதான் முறை. ஆனால் அந்தப் பாராட்டில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

"ஆமா," என்றேன். "ஏத்தல."